சாட்ச்மோவின் வீட்டுக் கணக்கு

ஆம்ஸ்ட்ராங் என்றதும் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு நிலவில் முதலில் கால் வைத்தவர்தான் ஞாபகத்துக்கு வருவார். விளையாட்டுப் பிரியர்களுக்கு, சைக்கிள் ஓட்டிப் பட்டங்களாக வாங்கிக் குவித்து, பிறகு ஊக்கமருந்து விவகாரத்தில் அவற்றைப் பறிகொடுத்தவர் ஞாபகத்துக்கு வருவார். நான் எழுதப் போவது மூன்றாமவரைப் பற்றி. மூவரில் மூத்தவர். லூயிஸ் ஆம்ஸ்ட்ராங். ஜாஸ் இசையின் ட்ரம்பெட் ராஜா. செல்லப் பெயர் சாட்ச்மோ.

பெயர் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்திருக்கும். 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' பாட்டை ஏதாவது ஒரு சினிமாவிலோ விளம்பரத்திலோ கேட்டிருப்பீர்கள். சரளைக்கல் ரோட்டில் மாட்டுவண்டி போவது போல ஒரு கரகரப்பு. அந்தக் குரல்தான்.

ஜாஸ் பற்றி விளக்கும் தகுதி எனக்குக் கிடையாது. படிப்பது பி.காம். ஸ்வரம் தெரியாது, பற்று வரவு தெரியும் :-) அதனால் இவருடைய இசையை விட்டுவிட்டு வீட்டைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. என்ன சாப்பிட்டார், என்ன உடுத்தினார், வேலை இல்லாத நாளில் என்ன செய்தார் என்பதெல்லாம் ஒரு வரலாறா என்று கேட்பீர்கள். இந்த மனிதர் விஷயத்தில் அதுதான் முக்கியமான வரலாறு. ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும்.

வீடே இல்லாத பையன்

அமெரிக்காவின் தெற்கே நியூ ஆர்லியன்ஸ் நகரம். 1901 ஆகஸ்ட் 4 அன்று பிறந்தார். தான் பிறந்தது 1900 ஜூலை 4, அதாவது அமெரிக்க சுதந்திர தினம் என்றுதான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இறந்து பல வருடங்கள் கழித்து தேவாலயப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் சரியான தேதி தெரிய வந்தது.

அப்பா கைவிட்டுப் போய்விட்டார். அம்மாவும் பாட்டியும் மாறி மாறி வளர்த்தார்கள். அவர்கள் இருந்த பகுதிக்கு ஊர்க்காரர்கள் வைத்திருந்த பெயர் 'போர்க்களம்'. அவ்வளவு அடிதடி. ஏழெட்டு வயதிலேயே வேலைக்குப் போனார். லித்துவேனியாவிலிருந்து வந்து குடியேறிய கார்னோஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பம் பழைய சாமான் வண்டி ஓட்டியது. அந்த வண்டியில் உட்கார்ந்து தகர ஊதுகுழலை ஊதி, ஆட்களைக் கூப்பிடுவது பையன் வேலை. நம்மூரில் பழைய பேப்பர்க்காரர் குரல் கொடுப்பது போல. அந்த வீட்டிலேயே அவருக்குச் சாப்பாடும் கிடைத்தது.

5 டாலர் விலையுள்ள ஒரு பழைய கார்னெட்டை (ட்ரம்பெட்டுக்குத் தம்பி மாதிரி ஒரு வாத்தியம்) வாங்க அந்தக் குடும்பம் முன்பணம் கொடுத்ததாக 1969-ல், ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபோது எழுதி வைத்தார். அறுபது வருடம் முன்பு வாங்கிய கடனைக் காசு கணக்கோடு எழுதி வைத்த மனிதர். இந்தக் குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1912-ன் கடைசி இரவு. ஊரே புத்தாண்டைக் கொண்டாட, பையன் ஒரு துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்துச் சுட்டான். போலீஸ் பிடித்துக்கொண்டு போய் கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் போட்டது. அங்கேதான் முறையாக கார்னெட் கற்றுக்கொண்டார். 1922-ல் அவருடைய குருநாதர் கிங் ஆலிவர் சிகாகோவுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். ஆகஸ்ட் மாத வெயிலில், கணுக்கால் வரை நீளும் குளிர்கால உள்ளாடையைப் போட்டுவிட்டு, மீன் சாண்ட்விச் கட்டிக் கொடுத்து அனுப்பினார் அம்மா. சிகாகோ குளிரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எந்த ஊராக இருந்தாலும் அம்மாக்கள் ஒரே மாதிரிதான்.

அதற்குப் பிறகு நடந்ததை இசை தெரிந்தவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். 1925 முதல் 1928 வரை அவர் பதிவு செய்த தட்டுகள் ஜாஸ் இசையின் போக்கையே மாற்றின. கூட்டமாகச் சேர்ந்து வாசிக்கும் இசையாக இருந்தது, தனி ஆள் முன்னால் வந்து தன் கற்பனையைக் காட்டும் இசையாக ஆனது. சினிமா, ரேடியோ, ஐரோப்பியப் பயணம் எல்லாம் வந்தது. வருடத்தில் 300 இரவுகள் வரை கச்சேரி. ஆனால் நாற்பது வயது வரைக்கும் 'இது என் வீடு' என்று சொல்ல ஓர் இடம் இல்லை. பஸ், ரயில், ஹோட்டல், மறுபடி பஸ். அதுவும் கறுப்பினத்தவருக்கு அறை தராத ஹோட்டல்கள் நிறைந்திருந்த காலம்.

டாக்ஸிக்காரரே, கொஞ்சம் நில்லுங்கள்

1942-ல் லூசில் வில்சனைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு இது நாலாவது கல்யாணம். லூசில் நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் நடனமாடியவர். வருமானம் போதாமல் சக கலைஞர்களுக்கு பிஸ்கட்டும் விற்றுக்கொண்டிருந்தார். ஆம்ஸ்ட்ராங் பெட்டி பெட்டியாக வாங்கினாராம். பிஸ்கட் மேல் ஆசையா, வேறு ஆசையா என்று நான் சொல்லத் தேவையில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தபோது வந்தது. லூசில் ஒரு சின்னக் கிறிஸ்துமஸ் மரத்தை வாங்கி, விளக்குப் போட்டு, ஹோட்டல் அறையில் வைத்தார். கச்சேரி முடிந்து வந்த ஆம்ஸ்ட்ராங் படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கை அணைக்க விடவில்லை. அதுதான் அவர் வாழ்க்கையில் கிடைத்த முதல் கிறிஸ்துமஸ் மரம். மறுநாள் ஊர் மாறும்போது அதையும் எடுத்துவரச் சொன்னார். புத்தாண்டு தாண்டும் வரை ஊர் ஊராக அந்த மரமும் கூடவே பயணம் செய்தது. லூசில் பிற்காலத்தில் சொன்ன கதை இது.

ஹோட்டல் வாழ்க்கையே போதும் என்றுதான் ஆம்ஸ்ட்ராங் நினைத்திருந்தார். லூசில் விடவில்லை. 1943-ல், கணவர் வெளியூரில் இருக்கும்போதே வீட்டை வாங்கிவிட்டார். நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில், கரோனா என்ற இடத்தில், 107-வது தெரு, எண் 34-56. (கரோனா என்றதும் முகக்கவசத்தைத் தேடாதீர்கள். ஊர்ப் பெயர் வைரஸ் வருவதற்கு நூறு வருடத்துக்கும் முந்தியது.) 1910-ல் கட்டிய சாதாரண வீடு. அக்கம்பக்கத்தில் தொழிலாளிகள், சின்னச் சின்ன வேலை பார்ப்பவர்கள்.

சுற்றுப்பயணம் முடிந்து நியூயார்க் திரும்பியவர் டாக்ஸி ஏறி அந்த முகவரியைச் சொன்னார். வண்டி நின்றதும் வீட்டைப் பார்த்தவருக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு நல்ல வீடு நமக்கு எப்படி? டிரைவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போய் மணியடித்தார். கதவைத் திறந்தது லூசில்.

அன்று உள்ளே போனவர் 28 வருடம் அந்த வீட்டை விடவில்லை. புகழ் ஏற ஏற, லூசிலுக்கே இதைவிடப் பெரிய வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றியதுண்டு. அவர் அசையவில்லை. ஹாலிவுட்டில் ஒரு பங்களா வாங்கும் வசதி உள்ள மனிதர், கடைசி வரை அதே தெருவில். முதலீட்டுக் கணக்காகப் பார்த்தால் இது புத்திசாலித்தனமா என்று எங்கள் வகுப்பில் விவாதம் வைக்கலாம். அவர் பார்த்த கணக்கு வேறு.

உள்ளே வாருங்கள்

தெருவில் இருந்து பார்த்தால் சாதாரணமாக இருக்கும் வீடு, உள்ளே போனால் வேறு மாதிரி. அலங்காரம் எல்லாம் லூசில் கைவண்ணம். சமையலறை முழுக்க மினுமினுக்கும் நீலப்பச்சை அலமாரிகள். ஃபிரிட்ஜ் சுவரோடு சுவராகப் பதித்தது. மிக்ஸி கூட மேடைக்குள்ளேயே புதைத்து வைத்தது. அடுப்பு இவர்களுக்கென்றே ஆர்டர் கொடுத்துச் செய்தது. அதைத் தெரிவிக்கும் பெயர்ப் பலகை அடுப்பிலேயே இருக்கிறது. கீழ்த்தளக் குளியலறையில் சுவரெல்லாம் கண்ணாடி, குழாய்களுக்குத் தங்க முலாம். ஓட்டு வீட்டுக்குள் அரண்மனை மாதிரி.

மாடியில் அவருடைய சொந்த அறை. வீட்டிலேயே அவர் ராஜ்ஜியம் என்றால் அது ஒன்றுதான். மேசை, டைப்ரைட்டர், டேப் ரிக்கார்டர்கள், தட்டுகள், புத்தகங்கள். சுவரில் அவருடைய ஓவியம் ஒன்று, கீழே 'பெனெடெட்டோ' என்று கையெழுத்து. வரைந்தவர் பாடகர் டோனி பென்னட். பெனெடெட்டோ அவருடைய நிஜப் பெயர்.

உடை விஷயத்தில் இவருக்கு இரண்டு முகம். மேடையில் பளிச்சென்று கோட், சூட், கையில் வெள்ளைக் கைக்குட்டை. ட்ரம்பெட் ஊதுகிறவருக்கு வேர்த்துக் கொட்டும். ஒரு கச்சேரிக்கு ஒன்றிரண்டு போதாது, ஓர் அடுக்கே வேண்டும். துடைப்பதற்காக எடுத்தது நாளடைவில் அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது. அதே கைக்குட்டை, மேடைக்குப் பின்னால் வந்ததும் தலைக்கட்டு ஆகிவிடும். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, பனியனோடு உட்கார்ந்திருக்கும் படங்கள் நிறைய உண்டு. நம்மூர் வித்வான்கள் கச்சேரி முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்காருவார்களே, அந்த நிம்மதி முகத்தில் தெரியும். கழுத்தில் யூதர்களின் ஆறுமுனை நட்சத்திரப் பதக்கம் போட்டிருப்பார். இவர் யூதர் கிடையாது. பழைய சாமான் வண்டிக் குடும்பத்தின் சாப்பாடு ஞாபகம் இருக்கிறதல்லவா?

உதட்டுக்குத் தேய்மானம்

இயந்திரத்துக்குத் தேய்மானம் கணக்கிடுவது எப்படி என்று எங்களுக்கு இரண்டு மூன்று முறைகள் சொல்லிக் கொடுப்பார்கள். ட்ரம்பெட் கலைஞருக்கு இயந்திரம் உதடுதான். 1930-களின் தொடக்கத்தில் ஆம்ஸ்ட்ராங் ரசிகர்களை மயக்க உச்ச ஸ்தாயியிலேயே நூறு தடவைக்கு மேல் தொடர்ந்து ஊதிக் காட்டுவார். கூட்டம் எண்ணிக்கொண்டே கைதட்டும். விளைவு, 1933 வாக்கில் உதடு கிழிந்து ரத்தம் வரும் நிலை. 1934-ல் ஐரோப்பாவில் மாதக்கணக்கில் வாசிக்காமல் ஓய்வெடுக்க வேண்டி வந்தது.

அதிலிருந்து உதட்டுப் பராமரிப்பு அவருக்குத் தினசரி கடமை. ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தில் ஃபிரான்ஸ் ஷூரிட்ஸ் என்பவர் தயாரித்த ஒரு களிம்பை விடாமல் வாங்கிப் பூசினார். பின்னாளில் அந்தக் களிம்பு இவர் பெயரிலேயே விற்பனைக்கு வந்தது.

சோறும் பேதி மருந்தும்

சாப்பாட்டில் இவருக்கு உயிர் ஒன்றுதான்: சிவப்பு பீன்ஸும் சோறும். நியூ ஆர்லியன்ஸ் ஏழைகளின் சாப்பாடு. நம் பக்கத்து ராஜ்மாவைச் சோற்றோடு பிசைந்து சாப்பிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்பு லூசிலிடம் அவர் கேட்ட முக்கியமான கேள்வியே, இதைச் சமைக்கத் தெரியுமா என்பதுதான் என்று சொல்வார்கள். லூசில் நியூயார்க்காரி, அதுவரை செய்ததில்லை. எப்படியோ கற்றுக்கொண்டு வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டார். பெண் பார்க்கும் படலம் அங்கே தலைகீழ்! கடிதம் எழுதினால் முடிவில் 'தங்கள் உண்மையுள்ள' என்று போட வேண்டிய இடத்தில் 'சிவப்பு பீன்ஸும் சோறுமாகத் தங்கள்' என்கிற மாதிரி கையெழுத்திடுவார்.

அடுத்த விஷயம் சாப்பிடும்போது படிக்க வேண்டாம். அவருக்கு 'ஸ்விஸ் கிரிஸ்' என்ற மூலிகைப் பேதி மருந்தின் மேல் அபார பக்தி. அதில் முக்கியச் சரக்கு நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நிலாவாரை வகைதான். பார்க்கிறவர்களுக்கெல்லாம் பொட்டலம் கொடுத்து, சாப்பிட்டுப் பார் என்பார். கழிப்பறையில் தான் உட்கார்ந்திருக்கும் காட்சியைச் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போல ஒரு படம் எடுத்து, வாசகம் சேர்த்து அட்டையாக அச்சடித்து அனுப்பியவர். உடம்பு இளைக்க வழி சொல்லி ஒரு துண்டுப் பிரசுரம் கூட வெளியிட்டார். உலகப் புகழ் பெற்ற கலைஞர், கௌரவம் என்ன ஆகும் என்று ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. தாயார் சொல்லித் தந்த வைத்தியம் என்று பெருமைதான் பட்டார். சிறுவயதில் மருந்து வாங்கக் காசில்லாமல், வயிற்றைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லி வளர்த்தவர் அந்த அம்மா.

சந்தோஷங்களின் பட்டியலில் கஞ்சாவும் உண்டு. அதை அவர் மறைத்ததில்லை. 1930-ல் கலிபோர்னியாவில் அதற்காகக் கைதும் ஆனார். நல்லது மட்டும் பொறுக்கி எழுதினால் கணக்கு டேலி ஆகாது என்பதால் இதையும் சேர்க்கிறேன்.

650 டேப்

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி.

1950 டிசம்பர் வாக்கில் ஆம்ஸ்ட்ராங் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினார். அந்தக் காலத்து ஸ்பூல் டேப், தூக்கவே பலம் வேண்டும். ஊருக்குப் போனாலும் அதையும் தூக்கிக்கொண்டு போவார். ஹோட்டல் அறையில், வீட்டில், எங்கே இருந்தாலும் ஓடவிடுவார். எதைப் பதிவு செய்தார்? தனக்குப் பிடித்த தட்டுகளைப் பதிவு செய்தார். பழைய தட்டை ஓடவிட்டு, கூடவே ட்ரம்பெட் வாசித்துப் பதிவு செய்தார். நண்பர்கள் அரட்டை, கெட்ட வார்த்தை ஜோக்குகள், மனைவியோடு நடந்த வாக்குவாதம், இன வெறியால் தனக்கு ஏற்பட்ட அவமானங்களைப் பற்றிய பேச்சு என்று எல்லாமும் அதில் இருக்கிறது.

பதிவு செய்ததோடு விடவில்லை. ஒவ்வொரு டேப்புக்கும் எண் போட்டார். எந்த டேப்பில் எது இருக்கிறது என்று நோட்டுப் புத்தகத்தில் வரிசையாகத் தன் கையால் எழுதினார். இதைப் படித்தபோது எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. இது பேரேடு! குறுக்கு எண்ணோடு, பக்கத்தோடு, தேடினால் கிடைக்கிற மாதிரி ஒரு கணக்கு.

டேப் வைக்கும் அட்டைப் பெட்டிகளையும் சும்மா விடவில்லை. பத்திரிகை, புகைப்படம், வாழ்த்து அட்டை, தந்தி எல்லாவற்றிலிருந்தும் வெட்டி, செல்லோ டேப் போட்டு ஒட்டி, ஒவ்வொரு பெட்டியையும் படக் கலவையாக மாற்றினார். அப்படி சுமார் 500 பெட்டி முகங்கள். ட்ரம்பெட் வாசித்து உதடு வீங்கிய மனிதர் வீட்டுக்கு வந்தால் கத்தரிக்கோலும் ஒட்டும் டேப்புமாகச் சின்னப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது, கூடவே ஒரு மரியாதையும்.

டைப்ரைட்டர் வேறு. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனால் ஓயாமல் எழுதினார். கடிதங்கள், குறிப்புகள், 1954-ல் வெளிவந்த சுயசரிதை. நினைத்த இடத்தில் பெரிய எழுத்து, நினைத்த இடத்தில் கோடு. பேசுகிற தாளத்திலேயே எழுத்து.

அவர் விட்டுப்போன சேகரிப்பின் கையிருப்புப் பட்டியல் இப்படி: 650 டேப்புகள், 86 ஒட்டுப் புத்தகங்கள், 5000 புகைப்படங்கள், 1600 தட்டுகள். ட்ரம்பெட்? வெறும் 5. உலகம் அவரை அறிந்தது அந்த ஐந்தால். அவர் தன்னைப் பாதுகாத்து வைத்தது மற்ற எல்லாவற்றிலும்.

எதற்கு இத்தனை கணக்கு?

இங்கேதான் வரலாறு வருகிறது.

1950-களில் இளைய தலைமுறைக் கறுப்பினக் கலைஞர்கள் பலருக்கு ஆம்ஸ்ட்ராங்கைப் பிடிக்கவில்லை. மேடையில் பல் தெரியச் சிரிக்கிறார், கண்ணை உருட்டுகிறார், வெள்ளைக்காரர்களை மகிழ்விக்கக் குழைகிறார் என்றார்கள். 'அங்கிள் டாம்' என்ற வசவு விழுந்தது. அடிமை மனப்பான்மை உள்ளவன் என்று அர்த்தம். விமர்சித்தவர்களில் ஒருவர் டிஸ்ஸி கில்லெஸ்பி. அவரும் பெரிய ட்ரம்பெட் கலைஞர். வேடிக்கை என்னவென்றால் அவரும் அதே கரோனாவில், கூப்பிடு தூரத்தில் குடியிருந்தவர். பிற்காலத்தில் தன் சுயசரிதையில், ஆம்ஸ்ட்ராங்கின் சிரிப்பைத் தான் புரிந்துகொண்டது தவறு என்று எழுதினார். இனவெறி தன் சந்தோஷத்தைத் திருட அந்த மனிதர் அனுமதிக்கவில்லை, அவ்வளவுதான் என்பது அவருடைய முடிவு.

1957 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரத்தில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் ஆளுநர் படை நிறுத்தினார். அந்தச் சமயம் ஆம்ஸ்ட்ராங் வடக்கு டகோட்டாவில் ஒரு சின்ன ஊரில் கச்சேரிக்குப் போயிருந்தார். உள்ளூர்ப் பத்திரிகைக்காக லாரி லூபினோ என்ற 21 வயது கல்லூரி மாணவர் ஹோட்டல் அறைக்குப் போய் அவரைப் பேட்டி எடுத்தார். நம் வயதுதான்! அதுவரை சிரித்துக்கொண்டே இருந்த மனிதர் வெடித்தார். ஜனாதிபதி ஐசனோவருக்குத் துணிச்சல் இல்லை, இரட்டை முகம் என்றார். அரசாங்கத்துக்காக சோவியத் யூனியன் போவதாக இருந்த பயணத்துக்கு வர மாட்டேன் என்றார். செய்தி நாடு முழுக்கப் பரவியது. கச்சேரிகள் ரத்தாயின, அவருடைய தட்டுகளைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். சொன்னதை அவர் வாபஸ் வாங்கவில்லை.

பிறந்த ஊர் விஷயமும் அப்படியே. 1956-ல் லூசியானா மாநிலம் கறுப்பர் வெள்ளையர் சேர்ந்து மேடை ஏறக்கூடாது என்று சட்டம் போட்டது. இவருடைய குழுவில் இரண்டு இனத்தவரும் இருந்தார்கள். குழுவைப் பிரிக்க மறுத்தவர், 1965 வரை நியூ ஆர்லியன்ஸில் வாசிக்கவே இல்லை.

இப்போது அந்த டேப்புகளை யோசித்துப் பாருங்கள். தன் சிரிப்பை மட்டும் பார்த்து ஊர் தன்னைப் பற்றி ஒருபக்கக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பற்று மட்டும் எழுதினால் அது கணக்கு ஆகாது, வரவும் வேண்டும். இரட்டைப் பதிவு முறையின் முதல் பாடம் அது. அடுத்த பக்கத்தை அவர் வீட்டில் உட்கார்ந்து தானே எழுதினார். கோபம், காமெடி, மனைவி, சோறு, பேதி மருந்து, அவமானம், பழைய கடன் எல்லாவற்றையும். யாராவது ஒருநாள் கேட்பார்கள் என்று எண் போட்டு அடுக்கி வைத்தார். இது என் ஊகம்தான். ஆனால் யாரும் கேட்கப் போவதில்லை என்று நினைக்கிறவர் ஏன் அட்டவணை எழுத வேண்டும்?

வாசல்படி

லூசிலுக்கும் அவருக்கும் குழந்தை இல்லை. தெருக் குழந்தைகள்தான் குழந்தைகள். பயணம் முடிந்து அவர் பஸ் வந்து நின்றால் பிள்ளைகள் ஓடிவந்து பெட்டியையும் ட்ரம்பெட்டையும் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். அவர்களோடு உட்கார்ந்து டிவியில் கௌபாய் படம் பார்ப்பார். ஐஸ்கிரீம் வண்டி வந்தால் எல்லோருக்கும் வாங்கிக் கொடுப்பார். பெயர்கள் ஞாபகம் வராது என்பதால் எல்லோரையும் 'பாப்ஸ்' என்று கூப்பிடுவார். கடைசியில் அவருக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1970 வாக்கில் எடுத்த ஒரு படத்தில், வீட்டு வாசல்படியில் ட்ரம்பெட்டோடு உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் பொடிசுகள். திண்ணைத் தாத்தா என்றே சொல்லலாம்.

வீட்டு முகப்புக்குச் செங்கல் பதிக்கும் வேலை நடந்தபோது, தன் வீடு மட்டும் எடுப்பாகத் தெரியக்கூடாது என்று அக்கம்பக்கத்தாரிடமும் உங்கள் வீட்டுக்கும் பதித்துத் தரவா என்று கேட்டாராம். தன் தெருவைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதி வைத்திருக்கிறார். அதில் ஜோவின் சலூன் வருகிறது, சீன ஓட்டல் வருகிறது. பதக்கங்கள் எதுவும் வரவில்லை.

1964-ல், 62 வயதில், 'ஹலோ டாலி' பாட்டின் மூலம் பீட்டில்ஸை முதலிடத்திலிருந்து இறக்கினார். 1967-ல் நாம் முதலில் பார்த்த அந்த 'வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' பாட்டைப் பதிவு செய்தார். அமெரிக்காவில் அப்போது அது படுதோல்வி. இங்கிலாந்தில் 1968-ல் முதலிடம் பிடித்தது. 1987-ல் 'குட் மார்னிங் வியட்நாம்' படத்தில் வந்த பிறகுதான் அமெரிக்கர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போர் நடக்கிறது, பட்டினி இருக்கிறது, உலகம் அழகு என்கிறாயே என்று கேட்டவர்களும் உண்டு. அந்தப் பாட்டு தனக்குக் கரோனாவை, தன் தெருவை, கண் முன்னே வளர்ந்த மூன்று தலைமுறைப் பிள்ளைகளை நினைவூட்டுகிறது என்றார். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் பாட்டு வேறு மாதிரி கேட்கிறது. 'போர்க்களம்' என்ற இடத்தில் பிறந்தவனுக்கு ஒரு வாசல்படி கிடைத்ததைப் பற்றிய பாட்டு அது.

இருப்பு

1971 ஜூலை 6 அன்று, அந்த வீட்டில், தன் படுக்கையில், தூக்கத்திலேயே போய்விட்டார். கடைசி நாட்கள் வரை மாடி அறையில் டேப் சுற்றிக்கொண்டிருந்தது. நியூ ஆர்லியன்ஸுக்கு உடலைக் கொண்டுபோகவில்லை, குவீன்ஸிலேயே அடக்கம். லூசில் 1983-ல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். வீட்டில் ஒரு பொருளையும் மாற்றாமல், நியூயார்க் நகரத்துக்கு எழுதி வைத்தார். 2003-ல் வீடு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. டேப்புகளும் ஒட்டுப் புத்தகங்களும் 2018-ல் கணினிமயமாகி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஆயின. 2023-ல் எதிர்ப்பக்கமே ஒரு புதிய ஆவண மையமும் வந்துவிட்டது. வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்தந்த அறையில் அவர் பேசியதையே ஒலிக்கவிடுகிறார்கள்.

அதாவது, அவர் எதிர்பார்த்த ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது.

நம் கையில் இன்று இருக்கும் செல்போன் அவர் தூக்கித் திரிந்த ரிக்கார்டரைவிட நூறு மடங்கு சுலபம். நாள் முழுக்க எதையாவது பதிவு செய்துகொண்டேதான் இருக்கிறோம். அதில் வீட்டுப் பாட்டி பேசியது எத்தனை, அப்பா சிரித்தது எத்தனை என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்தால் ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு எழுதி வையுங்கள்.

அடுத்த பதிவில் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம். செமஸ்டர் பரீட்சை வருகிறது, அதனால் கொஞ்சம் தாமதமாகலாம் :-)